ஒருநாள் பூச்சியின் ஓராண்டு

மாலை வேளையில் ஆற்றங்கரை விளக்கைச் சுற்றிப் பறந்து, விடிவதற்குள் இறந்து குவியும் மெல்லிய பூச்சிகளைப் பற்றி நீங்கள் படித்திருக்கலாம். கண்ணாடித்தாள் போன்ற சிறகுகளும், வாலில் இரண்டு அல்லது மூன்று நீண்ட இழைகளும் உடையவை அவை. ஆங்கிலத்தில் ‘மேஃபிளை’ என்பர். இவ்வரிசைக்கு அறிவியலார் இட்ட பெயர் ‘எபிமெரோப்டெரா’. ‘எபிமெரோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘ஒரு நாள் நிலைப்பது’ என்று பொருள். ஆகவே நாமும் இவற்றை ஒருநாள் பூச்சிகள் என்றே அழைப்போம். மழை விட்டதும் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலோடு இவற்றைச் சேர்த்து எண்ணிவிடக் கூடாது. ஈசல் என்பது சிறகு முளைத்த கறையான். ஒருநாள் பூச்சியோ நீரில் பிறந்து நீரிலேயே வளர்வது. இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது.

பெயர் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு சரியில்லை. ஐரோப்பிய ஆறுகளில் வாழும் ‘செர்ரடெல்லா இக்னிடா’ என்னும் இனத்தை எடுத்துக்கொள்வோம். ஜூலை மாதத்தில் இடப்பட்ட இதன் முட்டைகளிற் பெரும்பாலானவை அடுத்த ஆண்டு ஏப்ரல் வாக்கிலேதான் பொரிக்கின்றன. அதன்பின் இரண்டு மூன்று மாதங்கள் ஆற்றின் அடியில் ஊர்ந்து வளர்கிறது. சிறகு முளைத்து வானத்தைப் பார்ப்பது கடைசி இரண்டு மூன்று நாட்கள் மட்டுமே. ஆக, இதன் ஆயுள் ஒரு நாளன்று, ஓராண்டு. அந்த ஓராண்டிலும் ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் இது அசையாத முட்டையாகக் கிடக்கிறது! இந்த அசையாத ஒன்பது மாதங்களே இன்று இதற்குப் பேராபத்தாக முடிந்திருக்கின்றன. அதை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் உயிரியலும் கொஞ்சம் இயற்பியலும் வேண்டும்.

முதலில் பெயரைப் பார்ப்போம். 1761-ஆம் ஆண்டு ஆஸ்திரியாவில் உள்ள கிராட்ஸ் நகரின் அருங்காட்சியகத்திலிருந்த பூச்சிகளைப் பற்றி நிக்கோலஸ் போடா என்ற ஏசு சபைத் துறவி ஒரு நூல் வெளியிட்டார். லின்னேயஸ் வகுத்த இருசொற்பெயர் முறையைப் பின்பற்றிப் பூச்சிகளுக்கென்றே எழுதப்பட்ட முதல் நூல் அது என்பர். நம் பூச்சி அந்நூலில்தான் பெயர் பெற்றது. போடா பிற்காலத்தில் சுரங்கக் கல்விக்கூடத்தில் கணிதமும் இயந்திரவியலும் கற்பித்தவர். இயற்பியல் ஆசிரியனுக்குப் பூச்சியோடு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் இவரைத்தான் துணைக்கு அழைப்பது வழக்கம். ‘இக்னிடா’ என்றால் இலத்தீனில் தீப்பற்றியது என்று பொருள். முதிர்ந்த பெண்பூச்சியின் உடல் செம்பழுப்பு நிறமாக இருக்கும். ஆங்கிலேயத் தூண்டில்காரர்கள் அந்த நிறத்தை ஷெர்ரி என்னும் திராட்சை மதுவுக்கு ஒப்பிட்டு, அதன் பெயராலேயே பூச்சியை அழைக்கிறார்கள்.

இது ‘எபிமெரெல்லிடே’ என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்து இளம்பூச்சிகளை ‘முள் ஊர்விகள்’ என்று சொல்லலாம். இவற்றுக்கு நெருங்கிய மற்றொரு குடும்பம் ‘டெலோகனோடிடே’. அது நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் உண்டு. அதில் ஓர் இனத்துக்கு 2008-இல் ‘டெலோகனோடஸ் கொடை’ என்று பெயர் சூட்டினார்கள். கொடைக்கானலை நினைவுபடுத்தும் பெயர். எனினும் இக்கட்டுரை ஐரோப்பிய உறவினனைப் பற்றியதே. காரணம், அதன் முட்டையைப் பற்றி மிக நுணுக்கமான ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

நீந்தத் தெரியாத நீர்வாசி

இளம்பூச்சியின் நீளம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. பழுப்பு நிறம், ஆறு தடித்த கால்கள், பட்டை பட்டையாக நிறம் மாறும் மூன்று வால் இழைகள். வயிற்றுக் கண்டங்களின் பின்விளிம்பில் சிறு முட்கள் வரிசையாக நிற்கும். பக்கவாட்டிலும் பின்நோக்கிய முட்கள் உண்டு. ‘செர்ரடெல்லா’ என்றால் சிறு ரம்பம் என்பது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

ஒருநாள் பூச்சிகளில் சில இனங்கள் மீன்குஞ்சு போல விரைந்து நீந்தும். இதற்கு அந்தத் திறமை கிடையாது. தொட்டால் உடலை மேலும் கீழும் அசைத்துத் தத்தளிக்கும், அவ்வளவுதான். கற்களின் மீதும், நீரில் வளரும் மாஸ் செடிகளின் இலைகளுக்கு நடுவிலும் மெதுவாக ஊர்ந்து, அங்கே படிந்திருக்கும் பாசியையும் மட்கிய இலைத் துகள்களையும் தின்று வளர்கிறது.

வேகமாக ஓடும் ஆற்றில் நீந்தத் தெரியாத ஒன்று எப்படி அடித்துச் செல்லப்படாமல் இருக்கிறது? ஆறு ஓடும் வேகம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீர் ஏறக்குறைய அசைவதே இல்லை. கல்லிலிருந்து விலக விலக வேகம் படிப்படியாகக் கூடுகிறது. இந்த மந்தமான மெல்லிய அடுக்கை ‘எல்லைப் படலம்’ என்கிறோம். உடலைத் தாழ்த்தி, கல்லோடு கல்லாக, அல்லது மாஸ் இலைகளுக்குள் பதுங்கி இருப்பவனுக்கு மேலே ஓடும் வெள்ளம் ஒரு பொருட்டன்று. இதே குடும்பத்தில் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழும் ‘டுரூனெல்லா டாட்சியை’ என்ற இனம் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. அதன் வயிற்றின் அடியில் வட்டமாக மயிர்கள் அடர்ந்து, பாறையைப் பற்றிக்கொள்ளும் ஒரு தட்டாகவே அமைந்திருக்கிறது.

முட்களால் பயன் உண்டா? இருக்கலாம். ஆனால் இக்குடும்பத்தின் தற்காப்பில் எனக்குப் பிடித்தது வேறொன்று. அமெரிக்க ஓடைகளில் வாழும் எபிமெரெல்லா இளம்பூச்சிகளைக் கொன்று தின்னும் வேறு நீர்ப்பூச்சிகள் நெருங்கும்போது, இவை ஓடுவதில்லை. நின்ற இடத்திலேயே வால் இழைகளை முதுகின் மேலாகத் தலைப்பக்கம் வளைத்துத் தேள் போல நிற்கின்றன! கொடுக்கும் இல்லை, நஞ்சும் இல்லை, வெறும் பாவனைதான்.

நீரில் மூச்சு

இந்த இளம்பூச்சி காற்றைச் சுவாசிக்க மேலே வருவதில்லை. வயிற்றின் முதுகுப்புறத்தில், மூன்றாம் கண்டம் முதல் ஏழாம் கண்டம் வரை, இலை போன்ற செவுள்கள் ஐந்து இணைகள் உள்ளன. நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் அவற்றின் மெல்லிய தோல் வழியே உள்ளே செல்கிறது.

நீரில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது? ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 280 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. ஒரு லிட்டர் நீரிலோ, 10 டிகிரி வெப்பநிலையில் 11.3 மில்லிகிராமும், 20 டிகிரியில் 9.1 மில்லிகிராமும், 30 டிகிரியில் 7.5 மில்லிகிராமும்தான் அதிக அளவாகக் கரைந்திருக்க முடியும். நீர் சூடாகச் சூடாக இருப்பு குறைகிறது. அதே நேரத்தில் பூச்சியின் தேவையோ, பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. குளிர்ந்த ஆறுகளை இது நாடுவது இதனால்தான்.

இதைவிட முக்கியமான இடைஞ்சல் ஒன்று உண்டு. அசையாத நீரில் ஆக்சிஜன் தானாகப் பரவுவதை ‘விரவல்’ என்று பாடநூலில் படிக்கிறோம். காற்றில் விரவுவதைவிட நீரில் அது ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவாக விரவுகிறது. தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும் என்பது விரவலின் விதி. நீரில் ஆக்சிஜன் ஒரு மில்லிமீட்டர் தூரம் விரவுவதற்கு நான்கு நிமிடங்கள் போதும். ஒரு சென்டிமீட்டருக்கு எவ்வளவு? நாற்பது நிமிடங்கள் என்று பலர் சொல்லிவிடுவார்கள். பத்து மடங்கு தூரத்துக்கு நூறு மடங்கு நேரம். அதாவது ஏழு மணிக்கு அருகில்!

ஆகவே நீரில் வாழும் உயிருக்கு, ஒன்று நீர் அசைய வேண்டும், அல்லது தான் அசைய வேண்டும். இளம்பூச்சி செவுள்களை ஆட்டி நீரைத் தானே தள்ளிக்கொள்கிறது. முட்டையால் அது முடியாது. இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படலத்தைக் கிழித்து வெளியே

கோடையில் வளர்ச்சி முடிந்ததும் இளம்பூச்சி நீர்ப்பரப்புக்கு வருகிறது. இங்கே அதன் எதிரி, நமக்கு ஒரு பொருட்டாகவே தெரியாத பரப்பு இழுவிசை. நீரின் பரப்பு, இழுத்துக் கட்டிய தோல் போல இருக்கிறது. எட்டு மில்லிமீட்டர் நீளமுள்ள விளிம்பில் அது செலுத்தும் விசை, 60 மில்லிகிராம் எடைக்குச் சமம். பூச்சியின் எடையை 6 மில்லிகிராம் என்று கொண்டால், அதன் எடையைப் போலப் பத்து மடங்கு! அடியிலிருந்து இதைக் கிழித்துக்கொண்டு, முதுகுத் தோல் பிளந்து, நனையாமல் வெளியே வர வேண்டும். நனைந்தால் அதே படலம் அதை விடாது பிடித்துக்கொள்ளும். டிரவுட் மீன்கள் அதற்காகவே கீழே காத்திருக்கின்றன. அந்த மீன்களுக்காகத் தூண்டில்காரர்கள் கரையில் காத்திருக்கிறார்கள்.

வெளிவரும் பூச்சிக்கு மங்கிய நீலச் சாம்பல் நிறச் சிறகுகள். அவற்றின் மேல் நுண்ணிய மயிர்கள் இருப்பதால் நீர் ஒட்டுவதில்லை. பறந்து போய்ச் செடியிலோ மரத்திலோ அமர்ந்து, ஏறக்குறைய ஒரு நாள் கழிந்ததும் மறுபடியும் ஒருமுறை தோலுரிக்கிறது. சிறகு முளைத்தபின் மீண்டும் தோலுரிக்கும் பூச்சிகள் இன்று உலகில் ஒருநாள் பூச்சிகள் மட்டுமே. சிறகின் தோலைக்கூட உரித்துவிட்டுப் பளபளக்கும் புதுச் சிறகோடு பறக்கின்றது.

இப்போது அதற்கு உண்ணும் வாய் இல்லை. வாயுறுப்புகள் சுருங்கிப் பயனற்றுவிட்டன. குடலில் உணவுக்குப் பதில் காற்று நிறைந்திருக்கும். ஆண்பூச்சியின் கண்களில் மேல்நோக்கிய பகுதி பெரியது. மாலையில் ஆண்கள் கூட்டமாக மேலெழுந்து, சிறகை விரித்து மிதந்து இறங்கி, மீண்டும் எழுந்து ஆடும். மேலே பறந்து செல்லும் பெண்ணைக் கண்டதும் நீண்ட முன்கால்களால் பற்றிக்கொள்ளும். இதைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நமக்கு வேண்டியது அதற்குப் பின் நடப்பது.

முட்டை எங்கே விழுகிறது?

பெண்பூச்சி தன் முட்டைகள் அனைத்தையும் பச்சை நிறமான ஓர் உருண்டையாக வெளியே தள்ளி, வளைந்த வயிற்று நுனியில் தாங்கிக்கொண்டு, ஆற்றின் மேல் நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் பறக்கிறது. வளரும் காலத்தில் நீர் இளம்பூச்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இந்த எதிர்ப்பயணம் அந்த இழப்பை ஈடுசெய்கிறது என்று 1954-இல் கார்ல் முல்லர் என்பவர் விளக்கம் தந்தார். சலசலத்து ஓடும் இடம் வந்ததும் உருண்டையை நீரில் விடுகிறது. அது கலைந்து முட்டைகள் மூழ்குகின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அளவே. முட்டையின் ஒரு முனையில் ஒட்டும் இழைகளாலான ஒரு தொப்பி உண்டு. அது கல்லிலோ மாஸ் இலையிலோ பட்டதும் பற்றிக்கொள்கிறது. தாயின் வேலை அத்தோடு முடிந்தது.

ஆற்றைப் பெண்பூச்சி எப்படி அடையாளம் காண்கிறது? ஒருநாள் பூச்சிகளுக்கு இதில் வழிகாட்டி, நீரின் பளபளப்பே. சாதாரண ஒளி எல்லாத் தளங்களிலும் அதிர்கிறது. நீரில் பட்டு எதிரொளிக்கும் ஒளியில் கிடைத்தள அதிர்வே மேலோங்கும். இதைத் ‘தளவிளைவு’ என்கிறோம். படுகோணம் 53 டிகிரியாக இருக்கும்போது எதிரொளி முழுவதும் இவ்வாறாகிறது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதைக் கொண்டு புரூஸ்டர் விதிப்படி நீங்களே இதைக் கணக்கிடலாம். நம் கண்ணுக்கு இந்த வேறுபாடு தெரியாது. இப்பூச்சிகளின் கண்ணுக்குத் தெரியும்.

கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பிழையின்றிப் பயன்பட்ட அடையாளம் இது. தார்ச்சாலை வந்தபின் பிழையாயிற்று. புடாபெஸ்ட் நகருக்கு வடக்கே ஒரு மலையோடையின் பக்கத்துச் சாலையில் ஒருநாள் பூச்சிகள் கூட்டமாக முட்டையிடுவதை ஹங்கேரிய ஆய்வாளர்களான கிரிஸ்கா, ஹோர்வாத், ஆண்ட்ரிகோவிச் மூவரும் ஆராய்ந்து 1998-இல் வெளியிட்டனர். பளபளக்கும் கரிய பிளாஸ்டிக் விரிப்பைத் தரையில் விரித்தபோது பூச்சிகள் அதற்கும் வந்தன. பளபளப்பான அலுமினியத் தாளை அவை சட்டை செய்யவில்லை. அது மின்னினாலும் அதன் ஒளியில் கிடைத்தளத் தளவிளைவு இல்லை. கரிய, வழுவழுப்பான சாலையோ சில கோணங்களில் நீரையும் மிஞ்சிய ‘நீராக’ அவற்றுக்குத் தோன்றுகிறது. அவர்கள் பார்த்தவை வேறு இனங்கள். ஆனால் சூடான சாலையில் இட்ட முட்டையின் கதி எல்லா இனங்களுக்கும் ஒன்றுதான்.

சரியாக ஆற்றிலேயே விழுந்த முட்டைக்கு வருவோம். வெப்பநிலைக்கும் முட்டை பொரிக்கும் காலத்துக்கும் உள்ள தொடர்பை இங்கிலாந்தின் எலியட் ஆராய்ந்து 1978-இல் எழுதினார். குளிர்காலம் முழுவதையும் முட்டையாகவே கழிப்பதில் ஒரு நன்மை உண்டு. பெருவெள்ளம் கற்களைப் புரட்டும் காலத்தில், ஊர்ந்து திரியும் உடலைவிட ஒட்டிக்கொண்ட முட்டைக்கு ஆபத்து குறைவு. நிலத்தடி ஊற்றால் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் ஓடும் தெற்கு இங்கிலாந்தின் சுண்ணப்பாறை ஆறுகளில் மட்டும் குளிர்காலத்திலும் சில இளம்பூச்சிகளைக் காணலாம்.

வண்டல்

அந்த ஆறுகளிலேயே இப்பூச்சி முன்போல் கிளம்புவதில்லை என்று தூண்டில்காரர்கள் பல ஆண்டுகளாகக் குறைப்பட்டு வந்தனர். மீன் பிடிப்பவர்களின் நினைவை அப்படியே நம்பிவிட முடியாது என்பது உண்மையே. ஆனால் 2018-இல் எவெரால் முதலியோர் வெளியிட்ட ஆய்வு அந்தக் குறைக்குக் காரணம் காட்டியது. செர்ரடெல்லா இக்னிடாவின் முட்டைகளைத் தொட்டியில் வைத்து, நுண்வண்டலையும் பாஸ்பேட்டையும் பல அளவுகளில் சேர்த்துப் பார்த்தார்கள். லிட்டருக்கு 25 மில்லிகிராம் என்ற வண்டல் அளவு, கண்ணுக்கு அவ்வளவாகக் கலங்கல் தெரியாத அளவு. அதுவே பெருந்தொகையான முட்டைகளை அழித்தது.

வண்டல் எப்படிக் கொல்கிறது? நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துகள், அசையாத நீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்க மூன்று மணி நேரத்துக்கும் மேலாகும் என்று ஸ்டோக்ஸ் விதி கூறுகிறது. அதைவிடப் பத்து மடங்கு பெரிய மணல்துகளோ இரண்டே நிமிடங்களில் இறங்கிவிடும். ஆகவே ஓடும் ஆற்றில் மணல் அடியில் தங்குகிறது. நுண்வண்டல் இறங்காமல் பயணம் செய்கிறது. எங்கே நீர் மந்தமாகிறதோ அங்கே இறங்குகிறது. மந்தமான இடம் எது? கல்லிடுக்கு, மாஸ் இலைகளின் நடு, எல்லைப் படலம். இளம்பூச்சியைக் காப்பாற்றிய அதே அடைக்கலம்! அங்கே ஒட்டியுள்ள முட்டையின் மேல் வண்டல் போர்வையாகப் படிகிறது. முட்டையைத் தொட்டுக்கொண்டு ஓடிய நீர் நின்றுவிடுகிறது. இனி ஆக்சிஜன் விரவியே வந்தாக வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கு நான்கு நிமிடங்கள் என்ற கணக்கு தெளிந்த நீருக்கு உரியது. துகள்களுக்கிடையே வளைந்து வளைந்து செல்ல வேண்டியிருப்பதால் இன்னும் தாமதம்; வழியில் உள்ள நுண்ணுயிர்கள் வேறு தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. பாஸ்பேட் மிகுந்த நீரில் அந்த நுண்ணுயிர்களும் பாசியும் செழிக்கும்.

வண்டல் வருவது உழுத வயல்களிலிருந்தும் சாலையோர மண்ணிலிருந்தும்; பாஸ்பேட் வருவது உரத்திலிருந்தும் கழிவுநீரிலிருந்தும். ஒன்றை இங்கே சொல்லத்தான் வேண்டும். பிரிட்டனின் நன்னீர்ப் பூச்சிகளைப் பற்றி 2020-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 1990-களின் நடுப்பகுதி வரை அவை காணப்படும் இடங்கள் குறைந்து, பிறகு மீண்டும் பெருகியதாகக் காட்டுகிறது. அது பல இனங்களைச் சேர்த்துப் பார்த்த சராசரி. ஓர் இனம் ஒரு ஆற்றில் இருக்கிறதா என்று பார்ப்பது வேறு, எத்தனை இருக்கின்றன என்று எண்ணுவது வேறு.

எண்ணுகிற வேலையும் நடக்கிறது. பிரிட்டனில் தன்னார்வத் தொண்டர்கள் மாதந்தோறும் ஆற்றில் இறங்கி, மூன்று நிமிடங்கள் காலால் கற்களைக் கிளறி, மிதந்து வருபவற்றை வலையில் பிடித்து, வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணுகிறார்கள். அவர்கள் எண்ணும் எட்டு வகைகளில் நம் பூச்சியின் குடும்பமும் ஒன்று. டிசம்பர் மாதத் தட்டில் இது பெரும்பாலும் இராது. முட்டை வலையில் வருவதில்லை. கல்லில் ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கலாம். வண்டலுக்கு அடியில் என்றோ இறந்தும் போயிருக்கலாம். எது என்று ஏப்ரல் மாதத்துத் தட்டைப் பார்த்தால்தான் தெரியும்.